பத்து வரை எண்ணுகிற வீடு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுத வந்தேன். நான் நலமில்லை என்பது முந்தாநாள் உறுதியாகிவிட்டதால், அம்மா மட்டும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் மகள் சிட்டுக்குட்டியும் சுகம்தானே?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். கைப்பயிற்சி கொடுக்கிற பெண்ணின் உத்தரவு. பஞ்சு சுற்றிய தடிப் பேனா ஒன்றைக் கொடுத்து, "தினம் அரைப் பக்கம் எழுதுங்க, விரல் பின்பக்கமா மடங்காம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். ஐம்பது மீட்டர் உயரத்தில் கிரேன் கேபினில் தனியாக உட்கார்ந்திருக்கிறவன்தான் தப்பி ஓட முடியாதவன். அதனால் நீ.

விஷயம் இதுதான். போன மாதம் பார்லரில் ஓர் அம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் கழன்றது. வழக்கம்போல இடுப்பில் வைத்து அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு மறுபடி கத்தரியை எடுத்தேன். கண்ணாடியில் அதைப் பார்த்தவர் ஈரத் தலையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"இது உங்களுக்கு அடிக்கடி நடக்குமா?"

"வாரத்துக்கு ரெண்டு மூணு தடவைங்க. எல்லாருக்கும் நடக்கறதுதானே?"

"யாருக்கும் நடக்காதும்மா" என்றார். அவர் மூட்டு மருத்துவர். பாதி வெட்டின தலையோடு என் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முந்தாநாள் அவருடைய கிளினிக்குக்குப் போனேன்.

எது எவ்வளவு வளைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்: சுண்டுவிரல்கள், கட்டைவிரல்கள், முழங்கைகள், முழங்கால்கள், பிறகு குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைப்பது. ஒன்பதுக்கு ஒன்பது வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் எதிலும் வாங்காத முழு மதிப்பெண்! ஆனால் அவர் அதோடு விடவில்லை. பல் பிடுங்கும்போது மரப்பு ஊசி வேலை செய்யாமல் போகுமா? காயம் ஆறினால் தழும்பு காகிதம்போல் அகலுமா? சாப்பிட்டதும் வயிறு உப்புமா? காரணமே இல்லாமல் தோல் தடிக்குமா? தூங்கி எழுந்தும் அசதி போகாதா? தம்பி, அவர் என்னிடம் கேட்கவில்லை, என் டைரியைப் படித்தார். பல் மருத்துவர் அன்று என்னை நடிப்புக்காரி என்று சொன்னது நினைவிருக்கிறதா? ஊசி நிஜமாகவே சிலருக்கு இப்படிச் சரியாகப் பிடிக்காதாம்.

தோல், மூட்டு, குடல், ரத்தக்குழாய் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கிற பசை போன்ற ஒன்று உடம்பில் இருக்கிறதாம். எனக்கு அது கொஞ்சம் இளகல். என் வகைக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் இன்னும் இல்லை, பார்த்தும் கேட்டும்தான் சொல்ல முடியும் என்றார். பதினெட்டு வருஷமாக நான் ஒன்பது வைத்தியரிடம் ஒன்பது நோயாகக் கொண்டு போனதெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பெயர் வைத்த மறு நிமிஷம் ஏன் அவ்வளவு நிம்மதி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இது குடும்பத்தில் ஓடுமாம். நீ எப்படி இருக்கிறாய்? சிட்டு எப்படி?

நலம் கேட்டு எழுது. விரல் கெஞ்சுகிறது.

அக்கா

மார்ச் 9

ரப்பர் அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உன் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

கடிதத்தை மேலே கேபினில் வைத்துத்தான் படித்தேன். ஒன்பதுக்கு ஒன்பது என்றால் சும்மாவா? உறவுக்காரர்கள் வந்தால் "ரப்பர் வித்தை காட்டு" என்று உன்னை நடுக்கூடத்தில் நிறுத்தி, காலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்வோமே, அப்போதே டிக்கெட் போட்டிருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம். எலும்பில்லாத வம்சம் என்று அப்பா சொல்லுவார். அதற்கு இப்போது மருத்துவரே சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒன்றுமில்லை. கட்டடம் பன்னிரண்டாவது மாடிக்கு வந்துவிட்டது. கிரேனையும் இன்னும் உயர்த்தப் போகிறார்கள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். சிட்டு நலம்.

நெட்டை

மார்ச் 17

அன்புள்ள நெட்டைக்கு,

அம்மா நலம். நான் நலத்தை நோக்கிப் புறப்பட்டிருக்கிறேன், வண்டி மெதுவாகப் போகிறது.

ரப்பர் வித்தைக்குத் தடை வந்துவிட்டது. ஒவ்வொரு முறை வளைத்துக் காட்டும்போதும் இளகினது இன்னும் இளகுமாம். இத்தனை நாள் வலிக்கும்போதெல்லாம் நன்றாக இழுத்து வளைத்தால் சரியாகும் என்று நினைத்தேன், அது எரிகிற நெருப்பில் எண்ணெய். இப்போது பயிற்சி எல்லாம் கண்ணுக்கே தெரியாத அளவுதான். படுத்துக்கொண்டு முழங்காலை ஓர் அங்குலம் தூக்கி ஐந்து எண்ண வேண்டும். சிரிக்காதே, மூன்றாவது முறையே வியர்த்தது. மூட்டைப் பிடிக்க வேண்டிய பசை பிடிக்காததால், தசைக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. போன வாரம் என்னைப் பத்து நிமிஷம் படுக்கவைத்து நாடியைப் பார்த்தார்கள், அறுபத்தெட்டு. பிறகு சுவரில் சாயாமல், பேசாமல் நிற்கச் சொன்னார்கள். ரத்த அழுத்தம் இறங்கவில்லை. நாடி மட்டும் ஏறிக்கொண்டே போய் எட்டாவது நிமிஷம் நூற்றுப் பதினேழு! சும்மா நின்றதற்கு! நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது, அதை மேலே அனுப்ப இதயம் ஓடுகிறது என்றார் மருத்துவர். "எழுந்தவுடனே கண்ணு இருட்டுமா?" என்று கேட்டார். "எல்லாருக்கும் இருட்டற அளவுதாங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தம்பி, எல்லாருக்கும் இருட்டாதாம்.

எப்போதாவது ஒரு நாள் பட்டினியில், காய்ச்சலில் வருமாம். தினமும், ஒவ்வொரு முறையும், யாருக்கும் வராதாம். எனக்கு நாற்பத்தொரு வயது. உலகமே எழுந்து நின்றதும் ஒரு நிமிஷம் அணைந்து எரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு எதுக்குடி இருட்டணும்? உங்கப்பாதான் எழுந்தா கதவு நிலையைப் புடிச்சிக்கிட்டு பத்து எண்ணணும்னு சட்டம் போட்டாரு. எனக்கு எண்ணிக்கிட்டு நிக்க நேரமில்ல" என்றாள்.

நினைவிருக்கிறதா? படுக்கையிலிருந்து எழுந்தால் நிலையைப் பிடி, பத்து எண்ணு, அப்புறம் நட. நாம் அதை நல்ல பழக்கம் என்று நினைத்தோம், பல் துலக்குவது மாதிரி. அம்மா எண்ணாமல் ஓடுவாள் என்பதால் அவளை அவசரக்காரி என்று கேலி செய்தோம். மூன்று பேர் எண்ணினோம், ஒருத்தி எண்ணவில்லை. அந்த ஒருத்திதான் சாதாரண மனுஷி!

எனக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. நீ இன்னும் எண்ணுகிறாயா? அந்த ஏணியில் ஏறி இறங்கும்போது? சிட்டுவைப் பற்றி இரண்டு வரி எழுது.

அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தாமதத்துக்கு மன்னி, மேல்மாடிக் கான்கிரீட் வேலை.

நீ எழுதினதை நான் நம்பவில்லை. அளந்துவிடுகிறாய் என்று நினைத்து, மதியச் சாப்பாட்டில் எங்கள் ஆட்களைக் கேட்டேன். கம்பி கட்டுகிறவர்கள், வெல்டர், சிக்னல் காட்டுகிறவர், ஃபோர்மேன், எல்லாமாகப் பதினோரு பேர். "எழுந்து நின்னா கண்ணு இருட்டுமா?" என்று ஆள் ஆளாகக் கேட்டேன். ஒருத்தருக்கும் இல்லை. வெல்டர் மட்டும் "மாமியார் வந்தா இருட்டும்" என்றார். ஃபோர்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்து, "ஏம்பா, உனக்கு இருட்டுதா?" என்றார். என் அக்காவுக்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. பதினோரு பேரும் சாப்பிட்டுவிட்டு வெடுக்கென்று எழுந்து வெயிலில் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தரும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

எனக்கு மேலே நல்ல காற்று. கவலைப்படாதே. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், புதுக் கையுறை கையைக் கடிக்கிறது.

நெட்டை

மே 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை ஆவல் கொஞ்சம் அதிகம்.

பதினோரு பேரைக் கேட்டாய். பன்னிரண்டாவது ஆள் என்ன சொன்னான்?

கையுறை கடித்தால் எழுத்து கோணாது. எனக்கு விரல் கழலும்போது வருகிற கோணல் இது. என் பழைய பில் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. பார்லரில் முப்பது பேர் தலையைத் தினமும் தொடுகிறவள் நான். தலையைத் தொட்டாலே யார் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு டிக்கெட் கவுண்டரில் உட்காரக் கேட்டு வாங்கினாரே, எத்தனை பேச்சு! 'உட்கார்ந்த இடத்து மகாராஜா' என்று சித்தப்பா முகத்துக்கு நேராகச் சொன்னார். நாமும் சிரித்தோம். நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில், கம்பியைப் பிடித்து, இருட்டுகிற கண்ணோடு பதினாறு வருஷம் நின்றிருக்கிறார். ஒரு வைத்தியரும் சொல்லாமல், ஒரு புத்தகமும் படிக்காமல், நிலையைப் பிடித்துப் பத்து எண்ணினால் விழ மாட்டோம் என்று தானே கண்டுபிடித்து, பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் போய் ஆறு வருஷம் கழித்து அவரைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருக்கிறது.

எனக்கு உதவுவதை எழுதுகிறேன், வேண்டுமானால் படி. இறுக்கமான நீளக் காலுறை. உருளும் ஸ்டூலில் உட்கார்ந்து முடி வெட்டுவது. நிற்க நேர்ந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு கெண்டைக்காலை இறுக்குவது. தண்ணீரும் உப்பும் மருத்துவர் சொன்ன அளவு, நீயாக அள்ளிப் போட்டுக்கொள்ளாதே, சிலருக்கு அது ஆகாது. முடிந்த நாளில் முழு வீட்டையும் துடைத்துவிட்டு மூன்று நாள் படுக்காமல், தினம் ஓர் அறை. இந்தக் கடைசிப் பாடத்தில் நான் வாரா வாரம் தோற்கிறேன்.

அந்த வேலையை விடு என்று சொல்லவில்லை. ஒருமுறை போய்க் காட்டு.

சிட்டு?

அக்கா

மே 30

அக்காவுக்கு,

நலம்.

என் வேலையைப் பற்றி எழுத வேண்டாம். பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். கண் இருட்டுகிறது என்று ஒரு சொல் வெளியே போனால், அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார்கள். வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை செய்கிறார்கள். நாற்காலியில் உட்காரவைத்து நாடி, அழுத்தம் எல்லாம் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு குறையும் இல்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம், உன்னைக் கேட்டாள்.

கோபம் வந்தால் நீ 'நெட்டை' என்று கையெழுத்துப் போட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். கோபப்படு. ஆனால் நீ எழுதினதை நீயே ஒருமுறை படி. நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கிறார்களாம். நம் குடும்பத்தில் உட்கார்ந்தபடி யாருக்கு என்ன குறை?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்து நிமிஷம் படு. பத்து நிமிஷம் நில். உன் மனைவி பக்கத்தில் இருந்து நாடியை எண்ணட்டும். எனக்கு எழுத வேண்டாம். உனக்குத் தெரிந்தால் போதும்.

மூன்று கடிதமாகச் சிட்டுவைக் கேட்டேன். 'நலம்' என்றாய், அப்புறம் அதுவும் இல்லை. அதனால் இனி கேட்கவில்லை, காத்திருக்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலமும் அம்மாவின் நலமும் வேண்டி எழுதுகிறேன். இரண்டு மாதமாக ஏழு தாளைக் கிழித்தேன். இது எட்டாவது.

உன் முதல் கடிதம் வருவதற்கு மூன்று வாரம் முன்னால், ஜனவரியில், மதியம். கம்பிக் கட்டு கொக்கியில் தொங்குகிறது. கண்ணாடி வழியாகக் கீழே சரியாகத் தெரியவில்லை என்று கேபினில் சட்டென்று எழுந்து எட்டிப் பார்த்தேன். எண்ணவில்லை. அப்புறம் என் கன்னம் கேபின் தரையில் இருந்தது. பிடியிலிருந்து கை எடுத்தால் எந்திரம் தானாக நின்றுவிடும், அதனால் கட்டு நின்ற இடத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. வயர்லெஸ்ஸில், "என்னப்பா, தூங்கிட்டியா?" என்று சிக்னல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். கீழே பார்த்தேன். நான் கேள்வி கேட்டேனே பதினோரு பேர், அதில் ஆறு பேர் அந்தக் கட்டுக்கு நேர் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு எழுந்து வெடுக்கென்று நடந்து போனார்கள் என்று எழுதினேன் அல்லவா? அவர்கள் இன்னும் உயிரோடு நடக்கிறார்களே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகும் ஏறினேன், அக்கா. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி சிட்டு. மார்ச்சிலேயே பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. காலை வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறாள், தரையில் உட்கார்ந்துவிடுகிறாள், விளையாட்டில் பாதியில் படுத்துக்கொள்கிறாள். நான் திட்டினேன். என்ன சொல்லித் திட்டினேன் தெரியுமா? "தாத்தா மாதிரியே உட்கார்ந்த இடத்து மகாராணி." உன் மே மாதக் கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் உன்மேல் வந்தது.

போன மாதம் ஒரு விடுமுறை நாள். காலையில் நான் ஹாலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். சிட்டு எழுந்தாள். நான் இருப்பதைப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியை அதில் வைத்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து. அப்புறம் கையை விட்டுவிட்டு நடந்தாள்.

அக்கா, நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக. நான் இந்த வீட்டில் வாய்விட்டு எண்ணினதே இல்லை. அப்பா போகும்போது அவளுக்கு ஒன்றரை வயது. யாரும் கொடுக்காமல் அவளே கண்டுபிடித்திருக்கிறாள், அப்பா கண்டுபிடித்த அதையே, அவரைப் போலவே நிலையைப் பிடித்து, அதே பத்தில். எனக்கு ஊசி கையிலிருந்து விழுந்துவிட்டது.

"ஏன் கண்ணு எண்ணற?" என்றேன்.

"எண்ணலேன்னா லைட் ஆஃப் ஆயிடும்பா" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உனக்கும் ஆஃப் ஆகுமா?" என்றாள்.

ஏழரை வயசுக் குழந்தையிடம் பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "ஆகும்" என்றேன். "அவ்வளவு மேல உட்கார்ந்திருக்கும்போதா?" என்றாள். கீழே விழுந்த ஊசியைத் தேடக் குனிந்தேன்.

அன்றே அவள் அம்மா எனக்கு நாடி பார்த்தாள். படுத்தால் எழுபத்திரண்டு, நின்றால் நூற்று இருபத்தொன்று. மறுநாள் காலை ஏணியில் ஏறவில்லை. ஃபோர்மேனிடம் போய் ஜனவரியில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். "அன்னிக்குக் கீழ நின்னதுல நானும் ஒருத்தன்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டார். கை கொடுத்தார்.

அடுத்து என்ன வேலை என்று தெரியவில்லை. உன் மருத்துவரிடம் எங்கள் இரண்டு பேருக்கும் நேரம் கேள். வருகிறோம்.

நெட்டை

ஆகஸ்ட் 9

என் நெட்டைக்கு,

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். நீ இறங்கி வந்துவிட்டாய், அது போதும். இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். முந்தின நாளே வந்துவிடுங்கள். சிட்டுவுக்கு என் உருளும் ஸ்டூலில் முதல் சவாரி.

அக்கா

செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும், சைட் ஆபீஸில் எந்தச் சுமையை எப்படித் தூக்குவது என்று திட்டம் போடுகிற நாற்காலி வேலை உனக்குக் கிடைத்ததும் அறிந்து மகிழ்ச்சி. மேலே இருக்கிற புது ஆள் சட்டென்று எழுந்தால் உனக்குத்தான் பதறுகிறது என்று எழுதியிருந்தாய். பதறட்டும், நல்லதுதான். சிட்டுவின் பள்ளியில் வரிசைக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார்களாமே! குழந்தைகள் இயல்பாகவே வளைவார்கள், அதனால் அவசரப்பட்டுப் பெயர் வைக்க வேண்டாம், தசையைப் பலப்படுத்திக்கொண்டே கவனித்து வருவோம் என்று மருத்துவர் சொன்னதை மறக்காதே. முக்கியமாக, வந்தவர்களுக்கு வித்தை காட்டச் சொல்லாதே.

எனக்கு இந்த வாரம் கட்டைவிரல் ஒரு முறைதான் கழன்றது. முழுதாகச் சரியாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று!

நீங்கள் கிளம்பின அன்று நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதம். நடு அறைக் கதவு நிலையைப் பார்த்தாயா? அதில் பெயிண்ட் தேய்ந்த இடங்கள் மூன்று. மேலே அப்பாவுடையது, உன்னுடையதும் அநேகமாக அதன்மேலேயே. தோள் உயரத்தில் என்னுடையது. நாம் இருவரும் குழந்தையாக இருந்தபோது பிடித்த இடம் கீழே. மூன்று தடவை பெயிண்ட் அடித்தும் அங்கே மட்டும் நிற்கவில்லை. அது அழுக்கு என்று நினைத்து முப்பது வருஷமாக அம்மா சோப்புத் துணியால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று காலை சிட்டு கட்டிலிலேயே பிஸ்கட் தின்றுவிட்டு எழுந்து, கிரீம் காயாத கையோடு, அந்தக் கீழ் இடத்தைத்தான் பிடித்து எண்ணினாள். வேறு எங்கும் இல்லை, சரியாக அதையே. அம்மா டம்ளரோடு வந்தவள் அப்படியே நின்றாள். நம் அவசரக்காரி, தம்பி! பால் ஆறி ஆடை படியும்வரை, பேத்தி பத்து எண்ணி முடிக்கும்வரை, அசையாமல் நின்றாள்.

உங்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் துணியை நனைத்துக்கொண்டு நிலையருகே போனாள். அந்தச் சின்னக் கைத்தடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "இருக்கட்டும்டி" என்றாள்.

எல்லோரும் நலம். நலம் கேட்டு எழுது.

அக்கா